ஒரே ஆண்டெனாவில் வயர்லெஸ்ஸும் ஏ.ஐ.எஸ்.ஸும்: படகுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

நம் படகைச் சுற்றியுள்ள கப்பல்களின் திரையிலும், அவற்றை நம் திரையிலும் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியைப் படகில் பொருத்த நினைக்கிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து வரும் கேள்வி, ஆண்டெனாவை எங்கே வைப்பது? சின்னப் படகுகளில் தடையில்லாத உயரமான இடம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அங்கே ஏற்கெனவே வயர்லெஸ்ஸின் ஆண்டெனா நிற்கும். புதுக் கருவிக்கும் கிட்டத்தட்ட அதே அலைவரிசைதான் என்று தெரிந்ததும், அதிலேயே இதையும் சேர்த்து மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. மாட்டலாம். ஆனால் எதன் வழியாக மாட்டுகிறோம், மாட்டிய பிறகு எந்தக் கருவி எந்த நேரத்தில் வேலை செய்யாமல் நிற்கும் என்பது தெரியாமல் மாட்டக்கூடாது.

நாம் வயர்லெஸ் என்று சொல்லும் கடல் வி.எச்.எஃப். ரேடியோ, 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் பேசுகிறது. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படகின் அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும் தானே அனுப்பும் டி.எஸ்.சி. வசதிக்கு 70ஆம் சேனல், 156.525 மெகாஹெர்ட்ஸ். ஏ.ஐ.எஸ். பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகளும் இதே பட்டையின் மேல் ஓரத்தில் 161.975, 162.025 என்று உட்கார்ந்திருக்கின்றன. 156.8க்கு அரை அலைநீளம் சுமார் 96 சென்டிமீட்டர், 162க்குச் சுமார் 93. மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால்தான் ஒரே கம்பி இரண்டுக்கும் உதவுகிறது.

உதவுகிறது என்றாலும் முழு மனதோடு உதவும் என்று சொல்ல முடியாது. பழைய வயர்லெஸ் ஆண்டெனாக்கள் 156.8ஐ நடுவாக வைத்துச் செய்யப்பட்டவை. பட்டையின் மேல் ஓரத்துக்குப் போகப் போக, கருவி அனுப்பும் திறனில் ஒரு பங்கு ஆண்டெனாவில் ஏறாமல் திரும்பி வரும். இதை அளக்கும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். அது 2 என்றால் 11 விழுக்காடு திரும்புகிறது, 3 என்றால் 25 விழுக்காடு. பகிரப் போகிற ஆண்டெனா ஏ.ஐ.எஸ். அலைவரிசை வரைக்கும் சேர்த்துச் செய்யப்பட்டதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு 156.8, 162 இரண்டிலும் மீட்டர் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஏ.ஐ.எஸ். என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படகின் அடையாளம், இருப்பிடம், வேகம், போகும் திசை ஆகியவற்றைச் சின்னச் சின்னச் செய்திகளாகத் தானே ஒலிபரப்பும். சுற்றியுள்ள கப்பல்கள் அனுப்புவதை வாங்கித் திரையில் காட்டும். சர்வதேசப் பயணம் போகும், மொத்தக் கொள்ளளவு 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் 2004 முடிவதற்குள் இது கட்டாயமாகிவிட்டது. அவற்றில் இருப்பது 12.5 வாட் திறனுள்ள கிளாஸ் ஏ. சின்னப் படகுகளுக்கானது கிளாஸ் பி. அதில் 2 வாட் வகையும் 5 வாட் வகையும் உண்டு. வாங்க மட்டும் செய்து எதையும் அனுப்பாத கருவிகளும் கடையில் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் கப்பலைப் பார்ப்பார், கப்பல் அவரைப் பார்க்காது.

நம் கடலோரத்துக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், பேப்பூரிலிருந்து போன மீன்பிடிப் படகும் ஏ.பி.எல். லே ஹாவ்ர் என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பலும் மோதின. படகில் இருந்த 14 பேரில் தமிழ்நாட்டு மீனவர்களும் இருந்தார்கள். ஒரு கருவி இருந்திருந்தால் அந்த மோதல் நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரியில் கப்பல் வழித்தடத்துக்குப் பக்கத்தில் வலை விட்டுக்கொண்டு நிற்கும் படகுக்கு, கப்பலின் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் புள்ளி விட்டு விட்டுத் தெரிவதற்கு ஆண்டெனாவைப் பகிர்ந்த விதமே காரணமாகிவிடக் கூடாது.

சரி, பகிர்வுக்கு வருவோம். வீட்டு டிவிக்கு வரும் கேபிளை இரண்டு அறைக்குப் பிரிக்கச் சின்ன உலோகத் துண்டு ஒன்று மாட்டுவார்கள். அதே மாதிரி ஒரு 'டி' வடிவ இணைப்பைப் போட்டு, ஒரு கால் வயர்லெஸ்ஸுக்கு, இன்னொரு கால் ஏ.ஐ.எஸ்.ஸுக்கு என்று கொடுத்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். இதை மட்டும் செய்யவே கூடாது. டிவி இரண்டும் வாங்க மட்டும் செய்பவை. வயர்லெஸ் அனுப்பவும் செய்கிறது, அதுவும் 25 வாட் திறனில். ஏ.ஐ.எஸ். ரிசீவர் பிடிக்க வேண்டிய மிகச் சன்னமான சிக்னலையும் இந்த 25 வாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் பத்துக் கோடி கோடி மடங்குக்கு மேல். மைக்கின் பட்டனை அழுத்திய அந்தக் கணத்தில் ரிசீவரின் முன்பகுதி கருகிப் போகலாம். வாங்க மட்டும் செய்யும் ஏ.ஐ.எஸ். ஆக இருந்தாலும் ஆபத்து இதேதான், ஏனென்றால் திறன் வருவது வயர்லெஸ் பக்கத்திலிருந்து. அப்புறம், டி இணைப்பில் பாதித் திறன் ஏ.ஐ.எஸ். பக்கம் போய்விடுவதால் ஆண்டெனாவுக்குப் போவதும் குறையும். பொருத்தமில்லாத சுமையைத் தள்ள வேண்டியிருப்பதால் வயர்லெஸ்ஸின் அனுப்பும் பகுதியும் சூடேறும்.

இதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. கடையில் ஏ.ஐ.எஸ். ஸ்பிளிட்டர் என்று கேட்டால் தருவார்கள். 12 வோல்ட் மின்சாரம் வாங்கி வேலை செய்வது அது. பெயர்தான் ஸ்பிளிட்டர், உள்ளே நடக்கும் முக்கியமான வேலை சுவிட்ச் போடுவது. யாரும் அனுப்பாத நேரத்தில் ஆண்டெனாவில் வரும் சிக்னலை இரண்டு கருவிக்கும் பிரித்துக் கொடுக்கும். பிரிப்பதால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட நல்ல பெட்டிகளில் ஒரு பெருக்கியும் இருக்கும். வயர்லெஸ் அனுப்பத் தொடங்கியது தெரிந்த உடனே ஏ.ஐ.எஸ்.ஸைத் துண்டித்துவிட்டு, ஆண்டெனாவை முழுக்க வயர்லெஸ்ஸுக்குக் கொடுக்கும். ஏ.ஐ.எஸ். அனுப்பும்போது அந்தச் சிறு நேரத்துக்கு வயர்லெஸ்ஸைத் துண்டிக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் அனுப்ப முயன்றால் வயர்லெஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை. சில ஏ.ஐ.எஸ். கருவிகளுக்குள்ளேயே இந்த ஸ்பிளிட்டர் வந்துவிடுகிறது. இடையில் ஒரு கேபிள் துண்டும் இரண்டு இணைப்பும் மிச்சமாவதால், புதிதாக வாங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கடையில் கவனிக்க வேண்டிய ஒன்று: சிக்னலை வாங்க மட்டும் செய்யும் ஏ.ஐ.எஸ்.ஸுக்கான ஸ்பிளிட்டர் வேறு, அனுப்பும் ஏ.ஐ.எஸ்.ஸுக்கான ஸ்பிளிட்டர் வேறு. முதல் வகை விலை குறைவு. அதில் கிளாஸ் பி கருவியை மாட்டினால் கருவியோ பெட்டியோ ஏதோ ஒன்று போகும்.

பெட்டி நல்லதாகவே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி இழப்பது நேரம். இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் விற்பனைத் தாளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஏ.ஐ.எஸ்.ஸில் ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டு 26.67 மில்லிசெகண்ட். 2 வாட் கிளாஸ் பி கருவி, படகு 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு துண்டில் தன் இருப்பிடத்தை அனுப்பும். அதற்குக் குறைவாக நகர்ந்தாலோ நங்கூரத்தில் நின்றாலோ 3 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆக, ஓடும் படகில் ஏ.ஐ.எஸ். வயர்லெஸ்ஸிடமிருந்து ஆண்டெனாவைப் பிடுங்குவது நிமிடத்துக்கு சுமார் 53 மில்லிசெகண்ட். படகின் பெயர் முதலான விவரங்களை 6 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பேச்சின் நடுவில் ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

அந்தத் துளி நேரத்தில் 70ஆம் சேனலில் யாருடைய ஆபத்துச் செய்தியாவது வந்தால் தவறிவிடுமா? நியாயமான பயம்தான். டி.எஸ்.சி. செய்தியில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை அனுப்பப்படுகிறது. முதல் பிரதிக்கும் இரண்டாவது பிரதிக்கும் நடுவில் வேறு நான்கு எழுத்துகள் போகும். வி.எச்.எஃப்.பில் அந்த இடைவெளி 33 மில்லிசெகண்டை ஒட்டி வருகிறது. ஏ.ஐ.எஸ். பறிக்கும் துண்டோ 26.67 மில்லிசெகண்ட். ஒரு பிரதி விழுங்கப்பட்டாலும் மற்றது தப்பிவிடும். போதாக்குறைக்கு, யாராவது ஏற்றுக்கொள்ளும் வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆபத்துச் செய்தி தானாகவே மறுபடி அனுப்பப்படும். இந்தப் பக்கம் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலை மறுபக்கம் இருக்கிறது. வயர்லெஸ் ஏ.ஐ.எஸ்.ஸிடமிருந்து எவ்வளவு நேரம் பறிக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. மைக்கின் பட்டனில் இருக்கும் கட்டைவிரல் எடுக்கும் வரைக்கும் அது நீளும். பொழுதுபோக்குப் பாய்மரப் படகில் இது பெரிய விஷயமே இல்லை. துறைமுகத்தைக் கூப்பிட ஒரு நிமிடம், எதிரில் வரும் கப்பலோடு ஒரு நிமிடம் என்று ஒரு நாள் முழுவதற்கும் சில நிமிடம்தான் அவர்கள் பேசுவது. பகிர்வை ஆதரிக்கிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட படகுகளை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. மீன்பிடிப் படகின் வயர்லெஸ் அப்படி இல்லை. எந்தப் பக்கம் மீன் படுகிறது, யாருக்கு வலை சிக்கியது, கரையில் என்ன விலை போகிறது, நீரோட்டம் எப்படி என்று படகுக்குப் படகு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டாகப் போகும் படகுகளுக்கு வேலையே அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. பட்டனை 40 விநாடி பிடித்துப் பேசினால், அதற்குள் போயிருக்க வேண்டிய ஓர் இருப்பிடச் செய்தியாவது போகாது. திரும்பத் திரும்ப அப்படிப் பேசினால், தொலைவில் வரும் கப்பலின் திரையில் நம் படகு பழைய இடத்திலேயே நிற்கும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு நிமிடத்தில் 460 மீட்டர் கடந்துவிடும்.

இந்தச் சமயத்தில் நம் திரையும் புதிதாக எதையும் வாங்காது. ஆனால் அது சீக்கிரம் சரியாகிவிடும். ஓடும் பெரிய கப்பல்கள் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்புவதால், பட்டனை விட்ட சில நொடிகளில் படம் மறுபடி நிரம்பும். நாம் அனுப்பத் தவறியதுதான் ஈடுகட்ட முடியாதது.

அதனால் என் தீர்ப்பு, படகின் அளவை வைத்து இல்லை, படகில் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை வைத்து. குறைவாகப் பேசும் படகுக்கு நல்ல ஸ்பிளிட்டர் போதும். பேச்சே தொழிலாக இருக்கும் படகுக்கு ஏ.ஐ.எஸ்.ஸுக்கென்று தனி ஆண்டெனா வேண்டும், அது கொஞ்சம் தாழ்வான இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

தாழ்வான இடம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். உயரத்துக்காகத்தானே பகிர்வதே? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதைத் தடுக்கும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் கடல் மைலில் கிடைக்கும். இரண்டு முனைகளின் அடிவானத்தையும் கூட்டினால் தொடர்பின் எல்லை. கம்பத்தின் உச்சியில் 9 மீட்டரில் இருக்கும் ஆண்டெனாவுக்கு 6.6 கடல் மைல். கேபின் கூரையில் 4 மீட்டரில் இருப்பதற்கு 4.4. பெரிய கப்பலின் ஆண்டெனா 36 மீட்டரில் இருந்தால் அதன் பங்கு 13.2. ஆக, உச்சியிலிருந்து கப்பலுக்கு எல்லை 19.8 கடல் மைல், கூரையிலிருந்து 17.6. குறைவது 2.2 கடல் மைல்தான். 2 வாட் திறன் எப்போதும் அந்த எல்லையைத் தொட்டுவிடாது, அலையில் படகு ஆடும்போது இன்னும் குறையும் என்று வைத்துப் பாதியாக்கினாலும், 15 நாட் கப்பல் நம்மை வந்தடைய அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. மோதலைத் தவிர்க்க அது தாராளம். பேச்சில்தான் உயரம் உண்மையாகவே உறைக்கும், ஏனென்றால் அங்கே எதிர்முனையும் நம்மைப் போன்ற சின்னப் படகு. இரண்டு படகும் உச்சியில் வைத்தால் 13.2, இரண்டும் கூரையில் வைத்தால் 8.8. எனவே உச்சியை வயர்லெஸ்ஸுக்கே விட்டுவிட்டு, கப்பல்களுக்குத் தெரிந்தால் போதும் என்றிருக்கும் ஏ.ஐ.எஸ்.ஸைக் கீழே வைப்பது ஒன்றும் தாழ்ந்த ஏற்பாடு இல்லை.

தனி ஆண்டெனா வைத்தால் தொல்லை தீர்ந்ததா என்றால், எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003இல் கப்பல்களுக்கு வெளியிட்ட நிறுவல் வழிகாட்டி, ஏ.ஐ.எஸ். ஆண்டெனாவை வயர்லெஸ் ஆண்டெனாவுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ குறைந்தது 2 மீட்டர் இடைவெளியில் வைக்கச் சொல்கிறது. ஒரே மட்டத்தில் வைப்பதானால் 10 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நின்ற கம்பி பக்கவாட்டில்தான் வலுவாக அனுப்பும், மேலும் கீழும் மிகக் குறைவு. அதனால்தான் செங்குத்தாக 2 மீட்டர் போதுமென்றும், பக்கவாட்டில் 10 மீட்டர் வேண்டுமென்றும் சொல்கிறார்கள். கேபின் கூரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டால், வயர்லெஸ் பேசும்போது அதன் திறனில் ஏறக்குறைய ஒரு வாட் மற்றதில் ஏறும். ரிசீவர் அந்த நேரம் எதையும் கேட்காது. உச்சியில் ஒன்று, கூரையில் ஒன்று என்ற ஏற்பாடு இந்த விதிக்கும் தானாகவே கிட்டத்தட்ட ஒத்துவருகிறது.

பகிர்ந்தாலும் தனியாக வைத்தாலும், பெரும்பாலான படகுகளில் அதிகத் திறனைத் தின்பது கேபிளும் அதன் முனைகளும்தான். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் இந்த அலைவரிசையில் சுமார் 2 டெசிபல் போகும், அதாவது திறனில் 37 விழுக்காடு. தடித்த ஆர்.ஜி.213 என்றால் 20 விழுக்காட்டுக்குள் நிற்கும். மெல்லிய கேபிளின் இழப்போடு ஸ்பிளிட்டரின் ஒரு டெசிபல் இழப்பும் சேர்ந்தால், 2 வாட் ஏ.ஐ.எஸ்.ஸிலிருந்து ஆண்டெனாவுக்கு வந்து சேர்வது ஒரு வாட். ஸ்பிளிட்டரைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்ற வேண்டும்.

முனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், கம்பத்தின் அடியில் வருடக் கணக்காக வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்த இணைப்பு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மேலே சுற்றிய கறுப்பு டேப் பிசினாகக் கையில் ஒட்டும். உள்ளே திருகும் உலோக வளையம் வெளுத்துப் பொரிந்திருக்கும். கேபிளின் மேலுறையைக் கத்தியால் ஒரு விரற்கடை சீவினால், வெளுப்பாக மின்ன வேண்டிய கம்பி வலை கறுத்திருக்கும். இன்னும் சீவினால் செம்பில் களிம்பு ஏறிப் பச்சையாக உதிரும். தண்ணீர் அந்த வலை வழியாகக் கேபிளுக்குள் மீட்டர் கணக்கில் ஏறியிருக்கும். முனையை மட்டும் வெட்டிப் புதுப் பிளக் போட்டால் சரியாகாது, நல்ல செம்பு தெரியும் வரை வெட்ட வேண்டும், இல்லையென்றால் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும். ஸ்பிளிட்டர் போடும்போது இப்படிப்பட்ட முனைகள் கூடுகின்றன. எனவே பெட்டியைக் கேபினுக்குள் நனையாத இடத்தில் வையுங்கள். வெளியே இருக்கும் இணைப்புக்குச் சாதாரண டேப் போதாது. இழுத்துச் சுற்றினால் தனக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வேண்டும்.

பகிர்வதில் இன்னொரு விலையும் இருக்கிறது. ஒரு கேபிள் அறுந்தால், ஒரு கம்பம் முறிந்தால், இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் போய்விடும். மோசமான வானிலையில்தான் கம்பம் முறியும், அப்போதுதான் இரண்டும் தேவைப்படும். தனி ஆண்டெனாவின் பெரிய பலமே இதுதான்: உச்சி போய்விட்டால் கூரையில் இருப்பதை வயர்லெஸ்ஸின் பின்பக்கம் மாற்றி மாட்டிப் பேசலாம். இரண்டு கருவியின் பிளக்கும் ஒரே வகையாக இல்லாவிட்டால் அதற்கான மாற்று இணைப்பு ஒன்றை முன்கூட்டியே வாங்கி, கட்டி, கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிட வேண்டும்.

மீன்வளத் துறை வழியாகப் படகுகளுக்குத் தரப்படும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரையும் இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இஸ்ரோ உருவாக்கிய அந்தக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அது செயற்கைக்கோளோடு வேறு அலைவரிசையில் பேசுவது, தன் ஆண்டெனாவோடுதான் வருகிறது. அதே போல ஏ.ஐ.எஸ்.ஸுக்கு இருப்பிடம் தரும் ஜி.பி.எஸ். ஆண்டெனாவும் தனி. இந்த இரண்டையும் எந்த வி.எச்.எஃப். ஸ்பிளிட்டரிலும் மாட்ட முடியாது. டிரான்ஸ்பாண்டர் இருப்பதால் ஏ.ஐ.எஸ். வேண்டாம் என்றும் நினைக்க வேண்டாம். அது கரைக்குச் சொல்லும், எதிரே வரும் கப்பலின் திரையில் காட்டாது.

பகிர்வதென்று முடிவு செய்து மாட்டியும் விட்டால், கட்டிய கயிறு அவிழ்ப்பதற்கு முன் துறையிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம். ஸ்பிளிட்டருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, 16ஆம் சேனலை விட்டு 72 மாதிரி படகுக்குப் படகு பேசும் சேனலில் தூரத்திலிருக்கும் ஒரு படகைக் கூப்பிடுங்கள். நல்ல பெட்டி மின்சாரம் போனால் ஆண்டெனாவைத் தானே வயர்லெஸ்ஸோடு சேர்த்துவிடும், பேச்சு எப்போதும் போலக் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஒரு ஃபியூஸ் போனாலே ஆபத்து அழைப்பும் போய்விடும் என்று பொருள், அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மின்சாரத்தைப் போட்டு, ஏ.ஐ.எஸ். திரை உள்ள வேறொரு படகுக்காரரைத் தன் திரையில் நம் படகின் கடைசிச் செய்தி எத்தனை விநாடிக்கு முன் வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கட்டி நிற்கும் படகு 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும், அதனால் கால் மணி நேரமாவது வேண்டும். முதலில் வயர்லெஸ்ஸைத் தொடாமல் பார்க்க வேண்டும், பிறகு 1 வாட் குறைந்த திறனில் வைத்து, கடலில் வழக்கமாகப் பேசுவது போல விட்டு விட்டுப் பேசிக்கொண்டே பார்க்க வேண்டும். இரண்டிலும் வந்த செய்திகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஸ்பிளிட்டரோடு போகலாம். பேசும்போது கண்ணுக்குத் தெரியக் குறைந்தால், கூரையில் இன்னொரு கம்பிக்கு இடம் பார்க்க வேண்டியதுதான்.